ஹில்ட்ரூடின் தொப்பியும் ஆறு மண்தின்னிகளும்

வான்னே-ஐக்கலில் ஒரு வீடு கோணினால் முதலில் சுரங்கத்தைத்தான் திட்டுவார்கள். கதவு சாத்தவில்லையா, சுரங்கம். சுவரில் விரிசலா, சுரங்கம். மருமகன் சரியில்லை என்றால்கூட அடியில் எங்கோ தோண்டியதால் வந்த கோணல் என்று சொல்லிவிடுகிற ஊர் அது. ஆனால் பவ்லிட்ஸ்கி தம்பதி குடியிருந்த வீடு தெற்கே சாய்ந்ததற்குச் சுரங்கம் காரணமில்லை, மீன்தான் காரணம் என்று, ரசமட்டத்தோடு வந்து அளந்து பார்த்த மனிதரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

லோத்தார் பவ்லிட்ஸ்கி முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே வரவேற்பறையின் நீளச் சுவரை ஒட்டி இரண்டு மீட்டர் கண்ணாடித் தொட்டியை நிறுத்தி, அதில் மண்தின்னிகளை விட்டார். மண்தின்னி என்பது அமேசான் பக்கத்து மீன். அடிமணலை வாய் கொள்ள அள்ளி, உள்ளே இருக்கும் தின்பண்டத்தைச் சலித்து விழுங்கிவிட்டு, மணலைச் செவுள் வழியே கொட்டும். நாள் முழுக்க இதே வேலை. முதல் தடவை கடைக்காரர், "விரல் நீளத்துக்கு மேல வளராது, செடியைத் தொடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவை செருப்பு நீளத்துக்கு வளர்ந்தன. இரண்டு மூட்டை மணலையும் ஒரே வாரத்தில் தொட்டியின் வலது மூலைக்குக் கொண்டுபோய்க் குவித்தன. வீடு சாய்ந்தது. கீழ்வீட்டு ஷ்மீடஸ்காம்ப் அம்மாவின் தட்டில் சூப் ஒரு பக்கமாகவே ஒதுங்க, அவர் தட்டைத் திருப்பித் திருப்பிக் குடித்தார். வியாழக்கிழமைகளில் மீன்கள் மணலை இடது பக்கம் தள்ளும். அன்றைக்குக் கதவுகள் எல்லாம் நன்றாகச் சாத்தும்.

அவற்றைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது தடவை அவர் வேறொருவரிடம் சிவப்புத்தலை என்று கேட்டு வாங்கினார். மண்தின்னிகளில் அடக்கமான இனம் அது. அளவாக வளரும், பெரியதானதும் தலை மட்டும் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிடும். லோத்தார் இரண்டு வருடம் காத்திருந்தார். மீன்களின் தலை சாம்பலாகவே இருந்தது. "எப்ப சிவக்கும்?" என்று யாராவது விசாரிக்கும்போதெல்லாம் லோத்தாரின் தலைதான் சிவந்தது.

அவருடைய மனைவி ஹில்ட்ரூட் அந்தச் சுவரைத்தான் விரும்பினாள். சித்தி மகள் அடல்குண்ட் செத்துப்போகும்போது ஒரு பியானோவை அவளுக்கு எழுதி வைத்திருந்தாள். காஸ்ட்ராப்பில் தங்கையின் கார் கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு அது நின்றிருந்தது. வீட்டில் பியானோ நிற்கிற அளவுக்கு நீளமான சுவர் ஒன்றே ஒன்றுதான், அதில் மீன் மணல் சலித்துக்கொண்டிருந்தது. ஆகவே ரொட்டிக்கடைக் காகிதப் பை ஒன்றின் முதுகில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. லோத்தார் இருக்கிற மீன்களைக் கொடுத்துவிட்டு இன்னும் ஒரே ஒரு தடவை ஆறு குட்டி வாங்கலாம். வாங்கும்போதே இனத்தின் பெயரைப் பையில் எழுத வேண்டும். வளர்ந்த பிறகு மீன் வேறாக நின்றால் தொட்டி போகும், பியானோ வரும். சாட்சி, சூப் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் சந்தைக்குக் கிளம்பும்போது ஹில்ட்ரூட் தன் மஞ்சள் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். கடுகு மஞ்சள், ஒரு பக்கம் நீளமாக ஒரு சாம்பல் இறகு. பாடகர் குழுவோடு கடற்கரைக்குப் போனபோது வாங்கியது.

"சந்தைக்கு எதுக்கு இந்தத் தொப்பி?" என்றார் லோத்தார்.

"ஜெயிக்கப் போறவ நல்லா உடுத்திக்கிட்டுப் போக வேணாமா?"

"இன்னும் மீனே பாக்கலை, அதுக்குள்ள ஜெயிச்சிட்டியா?"

"நேத்தே தங்கச்சிக்கு போன் போட்டுட்டேன். பியானோ மேல இருக்கிற கிழங்கு மூட்டையெல்லாம் இறக்கி வைக்கச் சொல்லியாச்சு."

டிராமில் லோத்தார் வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் பெருமூச்சு விட்டார். மூன்றாவது வளைவில் ஹில்ட்ரூட் அவர் தொடையில் தட்டினாள்.

"அந்த டிரைவர் பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது, விடு. என்ன பாத்து வாங்கப் போறே, அதைச் சொல்லு. கூட வர்றவளுக்கு விவரம் தெரிய வேணாமா?"

லோத்தாருக்கு இதைவிட என்ன வேண்டும்? திரும்பி உட்கார்ந்தார்.

"குட்டியில எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் ட்ரூடி. சாம்பல் நிறம், விலாவுல ஒரு கறுப்புப் புள்ளி. எந்த இனம்னு அதைப் பெத்த தாய்க்கே தெரியாது."

"அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"கன்னத்தைப் பாக்கணும். கண்ணுக்குக் கீழ, செவுள் ஓரமா ஒரு கறுப்புத் தீற்றல் இருந்தா அது வேற ஜாதி. சிவப்புத்தலைக்குக் கன்னம் துடைச்ச மாதிரி சுத்தமா இருக்கும்."

"திருஷ்டிப் பொட்டு வெச்சிருந்தா வேணாம்னு சொல்லு."

"ஆங், அதேதான். ரெண்டாவது, உடம்புல குறுக்கால பட்டை ஓடும். அது அகலமா, மெல்லிசா, நேரா, சாய்வான்னு பாக்கணும். மூணாவது, மூஞ்சி நீண்டு, வால் அடியில ஒரு புள்ளி இருந்தா கிட்டயே போகக் கூடாது. அது சாத்தான் மீனு. லத்தீன்லயே அதுக்குச் சாத்தான்னுதான் பேரு."

"இவ்வளவு தெரிஞ்சுமா ரெண்டு தடவை ஏமாந்தே?"

லோத்தார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பொட்டும் பட்டையும் எப்பவும் தெரியாது. மீனு பயந்தாத்தான் மேல வரும்."

"பயமுறுத்த வேண்டியதுதானே?"

"மீன்காரங்க சங்கத்து விதி ஏழு. கண்ணாடியைத் தட்டக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, விளக்கடிக்கக் கூடாது."

ஹில்ட்ரூட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திருப்தியாகச் சாய்ந்தாள். அவள் மனதில் பியானோ ஏற்கனவே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, புறாப் பந்தயக்காரர்களின் கூடத்தை மீன்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். உள்ளே ஈர மணமும் வெங்காய மணமும் சரிபாதியாகக் கலந்திருந்தன. மூலை ஜன்னலில் வேகாத பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டி விற்றார்கள். சங்கத்துக்குப் பதினாறு விதிகள். அதில் நான்காவது, லத்தீன் பெயர் எழுதி ஒட்டாத தொட்டியிலிருந்து ஒரு மீனும் வெளியே போகக் கூடாது என்பது. லத்தீன் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? குலப்பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'எஸ்பி' என்று போட்டுவிடுவார்கள். இனம் தெரியவில்லை என்பதை அவமானமில்லாமல் சொல்லும் வழி அது.

புதிதாக வந்த ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் ஒவ்வொரு தொட்டியாகப் படித்துக்கொண்டே வந்து, "இந்த எஸ்பிங்கிறது பெரிய குடும்பம் போலிருக்கே. கெளுத்தியிலயும் இருக்கு, மண்தின்னியிலயும் இருக்கு!" என்று வியந்தார்.

"பெரிய குடும்பந்தாங்க," என்றாள் ஒட்டிலி ப்ஷோஸ்கா. "எங்க ஊர்ல பாதிப் பேரு அவங்கதான்."

ஒட்டிலி, சுரங்க உணவகத்தில் முப்பது வருடம் சமைத்தவள். எழுபதைத் தாண்டியும் யாருக்கும் பயப்படாதவள். தொட்டிகூடக் கொண்டு வரவில்லை. தரை துடைக்கிற நீல வாளியில் இருபது முப்பது குட்டிகளைப் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். வாளியில் ஒட்டியிருந்த சீட்டில் மண்தின்னியின் குலப்பெயர், 'ஜியோஃபாகஸ் எஸ்பி.' அதற்குக் கீழே பென்சிலில், 'எதுன்னு தெரியல.'

"அம்மா அப்பா எப்படி இருக்கும்?" என்று லோத்தார் கேட்டார்.

"அப்பனுக்குத் தலை செவசெவன்னு இருக்கும், எங்க வீட்டுக்காரரு அஞ்சாவது பீர்ல இருக்கிற மாதிரி. ஆத்தா சாது."

"அப்ப சிவப்புத்தலைன்னு எழுத வேண்டியதுதானே?"

"எப்படிய்யா எழுதறது? என் தொட்டியில நாலு ஜாதி இருக்கு. இதுங்க குட்டிய வாயில வெச்சு வளக்கிறதுங்க. பயம் வந்தா எது பக்கத்துல இருக்கோ அதையெல்லாம் வாயில அள்ளிப் போட்டுக்கும். யாரு புள்ள யாரு வாயில இருந்துச்சுன்னு நான் கண்டேனா? தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதுவேன்."

லோத்தாருக்கு இந்த நேர்மை ஒத்துவரவில்லை. பையில் எழுதப் போகிற பெயருக்கு ஓர் உறுதி வேண்டாமா? அவர் கண்கள் ஏற்கனவே எதிர் மேசைக்குப் போய்விட்டன.

அங்கே கறை படியாத கண்ணாடித் தொட்டி. அதில் சாம்பல் குட்டிகள். மேலே அச்சடித்தது போன்ற கையெழுத்தில் நீளமான லத்தீன் பெயர், கண்டுபிடித்தவர் பெயர், வருடம், காற்புள்ளிகள் உட்பட. கீழே, 'சிவப்புத்தலை, அசல்.' பக்கத்தில் பெற்றோரின் வண்ணப் புகைப்படம். இரண்டு தலைகளும் தணலாக எரிந்தன. புகைப்படத்தின் அடியோரத்தில், நாட்காட்டியிலிருந்து வெட்டியது போல, 'நவம்பர்' என்று அச்சாகி இருந்ததை லோத்தார் கவனிக்கவில்லை.

அந்த மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் ஹில்ட்ரூடின் முழங்கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. எண்பத்திரண்டு வயது, அதே கழுத்துப்பட்டை, சாக்பீஸ் தூள் அப்பியது போன்ற அதே வெள்ளை மூக்கு. வில்லிபால்ட் ஷ்னோர். பெண்கள் பள்ளியில் அவளுக்கு லத்தீன் நடத்தியவர்.

ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் 'நல்ல விவசாயி' என்பதை லத்தீனில் எழுதச் சொன்னார். ஹில்ட்ரூட் 'அக்ரிகோலா போனா' என்று எழுதினாள். விவசாயி என்கிற அந்தச் சொல் பார்க்கப் பெண்பால் மாதிரி இருக்கும், ஆனால் ஆண்பால். ஆகவே 'போனுஸ்' என்றுதான் வர வேண்டும். ஹில்ட்ரூட் எழுந்து நின்று, "சார், ரெக்லிங்ஹவுசன்ல எங்க அத்தைதான் விவசாயம் பாக்குறாங்க, மாமா பாக்குறதில்ல" என்றாள். ஷ்னோர் ஐந்து போட்டார். ஒன்று வாங்கினால் உச்சி, ஆறு வாங்கினால் பாதாளம் என்றிருக்கிற அந்த நாட்டில் ஐந்து என்பது பாதாளத்துக்கு ஒரு படி மேலே. அத்தை அந்த வருடமும் பன்னிரண்டு வண்டி பீட்ரூட் எடுத்தார். ஷ்னோர் மனம் மாறவில்லை.

நல்லவேளை, அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"வாத்தியாரே, இது உறுதியா சிவப்புத்தலைதானா?" என்றார் லோத்தார்.

"பேரைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அதுல ஒரு எழுத்துப் பிழை காட்டுங்க பாப்போம்."

லோத்தார் சீட்டை இரண்டு முறை படித்தார். பிழை இல்லை. பிழையில்லாத பெயருக்குக் கீழே தப்பான மீன் எப்படி நீந்தும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் நம்பிக்கை. ஷ்னோர் வாத்தியாரின் லத்தீனைச் சந்தேகிக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது, ஆகவே மீனைச் சந்தேகிக்கவும் யாருக்கும் தோன்றியதில்லை.

லோத்தார் பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னங்களைப் பார்த்தார். கன்னங்கள் சாம்பலாக, சுத்தமாக இருந்தன. அவர் விதிகளுக்கு உட்பட்டு மீன்களைப் பயமுறுத்த முயன்றார். கண்ணை உருட்டினார். மீன்கள் தீனி வரப்போகிறது என்று கிட்ட வந்தன. வருமானவரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துத் தொட்டிமுன் பிரித்துக் காட்டினார். சங்கத் தலைவரே அதைப் பார்த்து வெளிறிப்போனார், மீன்கள் அசையவில்லை.

"நான் ஒரு ரொட்டி தின்னுட்டு வந்து முடிவு பண்றேன்," என்று லோத்தார் வெங்காய ஜன்னலுக்குப் போனார். வெறும் வயிற்றோடு அவர் எந்த முடிவும் எடுத்ததில்லை. ஷ்னோர் சங்கத் தலைவரின் அறிவிப்புப் பலகையில் ஒரு காற்புள்ளியைத் திருத்தப் போயிருந்தார்.

தனியாக நின்ற ஹில்ட்ரூட், சும்மாதான், தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

தொப்பி அவளுக்கு முன்னால் குனிந்தது. மஞ்சள் வட்டம், அதிலிருந்து நீண்டு தொங்கும் சாம்பல் இறகு. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்க அது எப்படித் தெரிந்ததோ, கரையோரம் காத்திருக்கும் ஏதோ ஒரு கொக்கின் தலையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். கொக்கைக் கண்ணால் கண்டிராத, கண்ணாடிப் பெட்டியில் பிறந்து வளர்ந்த குட்டிகள் அத்தனையும் ஒரே நொடியில் மூலைக்குப் பாய்ந்து ஒடுங்கின. சாம்பல் உடம்புகளில் மை ஊறுவதுபோல அகலமான கறுப்புப் பட்டைகள் எழுந்தன. ஒவ்வொரு கன்னத்திலும், யாரோ அவசரமாக விரலால் தொட்டு இழுத்தது போல, ஒரு திருஷ்டிப் பொட்டு.

ஹில்ட்ரூட் நிமிர்ந்தாள். பட்டை மறைந்தது. குனிந்தாள். பொட்டு வந்தது. மறுபடி நிமிர்ந்து, தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆக, இவை சிவப்புத்தலை அல்ல. லோத்தார் இவற்றை வாங்குவார். பையில் பெயர் எழுதுவார். ஒரு வருடத்தில் சாம்பல் தலைகள் சாம்பலாகவே நிற்கும். சூப் அம்மா சாட்சி சொல்வார். பியானோ வரும். அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு நிற்பது. அறுபத்தாறு வயதில் வாயை மூடிக்கொண்டே ஜெயிக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

லோத்தார் உதட்டோரத்தில் வெங்காயத்தோடு திரும்பி வந்தார். ஷ்னோரும் வந்து உட்கார்ந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் வாத்தியாரே. ஆறு குடுங்க." காகிதப் பையை மேசைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். "ட்ரூடி, பாத்துக்க, எழுதறேன். சிவப்... புத்..."

"எழுது, எழுது," என்றாள் ஹில்ட்ரூட், தேன் ஒழுக.

"ஒரு நிமிஷம்." ஷ்னோர் வலையைக் கையில் வைத்துக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தார். "ட்ரூடியா? ஹில்ட்ரூடா? நீ... நீங்க அந்த 'அக்ரிகோலா போனா' இல்ல?"

ஹில்ட்ரூட் எழுந்து நிற்க நினைத்தாள். ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ஆமாம் சார்."

"நாப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தினேன். அதுல அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாணவி ஒருத்திதான்." அவர் லோத்தாரிடம் திரும்பினார். "உங்க மனைவிக்குக் கண்ணால பாக்கிறதை வெச்சுப் பேரு முடிவு பண்ற வியாதி உண்டு. பேருன்னா அதுக்கு ஒரு விதி இருக்கு. பாத்து முடிவு பண்றதில்ல, படிச்சு முடிவு பண்றது. இப்பவாவது புரிஞ்சுதாம்மா?"

கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். லோத்தாரும், வெங்காயம் தொண்டையில் சிக்கிய மாதிரி, ஒரு பாதிச் சிரிப்புச் சிரித்தார்.

பியானோ மாடிப்படியில் பாதி ஏறியிருந்தது. அதன் மூடி திறந்திருந்தது. ஹில்ட்ரூட் மனதால் அதை ஒரு முறை தடவிக் கொடுத்தாள். பிறகு, "சார், ஒரு சந்தேகம்," என்றாள்.

"கேளுங்க."

"சிவப்புத்தலைக்குக் கன்னத்துல பொட்டு உண்டா?"

"கிடையாது. இதுகூடத் தெரியாம..."

ஹில்ட்ரூட் குனிந்தாள்.

சங்கத்தின் ஐம்பத்தாறு உறுப்பினர்களில் அன்று வந்திருந்த நாற்பத்திரண்டு பேரும் அதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். மேசையைச் சுற்றி எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது, ஆனாலும் பார்த்தார்கள். குட்டிகள் எல்லாம் மூலையில் ஒடுங்கி, மைப்பட்டையும் கன்னப் பொட்டுமாக நின்றன. லோத்தாரின் பேனா 'புத்'திலேயே நின்றுவிட்டது.

"இது விதி மீறல்!" என்றார் ஷ்னோர்.

சங்கத் தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது, விளக்கடிக்கக் கூடாதுன்னு இருக்கு. தொப்பி போடக் கூடாதுன்னு இல்லையே."

"ஏ பொண்ணே, அந்தத் தொப்பியை இப்படிக் கொண்டா!" என்று ஒட்டிலி நீல வாளியைத் தூக்கிக் காட்டினாள். "நானும் தெரிஞ்சுக்கணும்ல, நான் என்ன விக்கிறேன்னு!"

வாளிமேல் தொப்பி குனிந்தது. குட்டிகள் சிதறி ஓடின. மெல்லிய பட்டைகள் எழுந்தன. கன்னங்கள் துடைத்த மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை. வாளியின் நடுவில் நின்றபடி, தலையை நேராகத் தூக்கி, தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டையும் காட்டவில்லை, விலாவையும் காட்டவில்லை, வாலையும் காட்டவில்லை.

"தைரியசாலி!" என்றார் லோத்தார். "அதையும் சேத்து ஆறு குடுங்க."

பையில் அவர் சொல்லை முடித்தார்: 'சிவப்புத்தலை, ஆறு.'

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை முழுதும் எழுதினால் நம்ப மாட்டார்கள். எல்லோருக்கும் தங்கள் தொட்டிக்குத் தொப்பி வேண்டியிருந்தது. ஹில்ட்ரூட் வரிசைப்படிதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். மதியத்துக்குள் பத்தொன்பது சீட்டுகள் மாறின. அண்ணன் தம்பி இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வேறு இரண்டு பேர், பதினோரு வருடம் கழித்து, பேச ஆரம்பித்தார்கள். ஒருவரின் கெளுத்தி தொப்பியைப் பார்த்ததும் தன் உண்மையான பெயரை வாய்விட்டே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது மிகை. உதட்டை மட்டும்தான் அசைத்தது.

ஷ்னோர் தன் சீட்டைத் தொட்டியிலிருந்து உரித்து எடுத்தார். பிறகு பேனாவை எடுத்து, அழகான லத்தீன் பெயரின் பின்பாதியை அடிக்கோல் வைத்து அடித்து, 'எஸ்பி' என்று எழுதினார். ஐம்பது வருடத்தில் அவர் கையால் அந்த எழுத்துகளை எழுதியது அதுதான் முதல் தடவை. ஹில்ட்ரூட் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"கவனிப்பு நல்லா இருக்கு." பேனாவின் மூடியைத் திருகினார். "அந்த ஐந்தை நாலாக்கறேன். ஆனா 'போனா' இன்னும் தப்புதான்."

"பரவால்ல சார்," என்றாள் ஹில்ட்ரூட். வாசலைத் தாண்டிய பிறகுதான் சிரித்தாள்.

டிராமில் லோத்தார் மடியில் தண்ணீர்ப் பை. இரண்டு வளைவுகள் வரை பெருமூச்சே விடவில்லை. மூன்றாவது வளைவில் கேட்டார்.

"நான் ரொட்டி திங்கப் போனப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சில்ல?"

"தெரியும்."

"பேசாம இருந்திருந்தா பியானோ வந்திருக்குமே."

"வந்திருக்கும்."

"அப்புறம் ஏன் ட்ரூடி?"

"பியானோ காத்திருக்கும்யா. எண்பத்திரண்டு வயசு வாத்தியாரு காத்திருப்பாரா?" தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து இறகை நீவிவிட்டாள். "அப்புறம், நீ சிரிச்சே பாரு ஒரு பாதிச் சிரிப்பு, அதுக்குத் தனியா கணக்கு இருக்கு. அது வீட்டுல."

மீன்கள் வளர்ந்தன. பத்தாவது மாதம் ஒன்றின் நெற்றியில் துருப்பிடித்தது போல ஒரு சிவப்பு வந்தது. லோத்தார் அன்று கீழ்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொன்றாக ஐந்து தலைகள் சிவந்தன. ஆறாவது சிவக்கவில்லை. அதற்கு மூஞ்சி நீண்டது. வால் அடியில், பொன்வளையம் கட்டிய ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. லோத்தார் ஒரு வாரம் அந்த மூலை விளக்கை அணைத்து வைத்துப் பார்த்தார். ஹில்ட்ரூட் கைவிளக்கு வாங்கி வந்தாள்.

"தைரியசாலின்னியே," என்றாள். "சாத்தானுக்குத் தொப்பியைப் பாத்தா என்ன பயம்?"

சூப் அம்மா மேலே வரவழைக்கப்பட்டார். காகிதப் பையை முன்னும் பின்னும் படித்தார். தொட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"ஆறுன்னு எழுதியிருக்கு. அஞ்சு சரி, ஒண்ணு தப்பு. அதனால தொட்டி அஞ்சு பங்கு இருக்கலாம், பியானோ ஒரு பங்கு வரலாம்."

"பியானோவுல ஆறுல ஒரு பங்கை எப்படிம்மா கொண்டு வர்றது?" என்றார் லோத்தார்.

"அதை என்னைக் கேக்காதே. நான் சாட்சி, தச்சன் இல்ல."

மறுநாள் காஸ்ட்ராப்பிலிருந்து பியானோவின் முக்காலி வந்தது. லோத்தார்தான் டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சுழற்றினால் உயரும், தாழும். அடியில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு மண் இருந்தது. தொட்டிக்கு எதிரே, சரியாக நடுவில், அது போடப்பட்டது. ஹில்ட்ரூட் மாலையில் காபிக் கோப்பையோடு அதில் உட்கார்ந்து, விரல்களால் முழங்காலில் எதையோ வாசித்தபடி, மீன்கள் மணல் சலிப்பதைப் பார்ப்பாள். ஐந்தும் மேலோட்டமாகச் சலிக்கும். ஆறாவது மட்டும் முறையாக, வரிசை வரிசையாக, பீட்ரூட் வயலை உழுவது போல உழும். அதற்கு அவள் அக்ரிகோலா என்று பெயர் வைத்தாள்.

வசந்தத்தில் ஒரு காலை அக்ரிகோலா தட்டைக் கல் ஒன்றைத் துடைத்து, அதன்மேல் முட்டையிட்டது.

ஹில்ட்ரூட் முக்காலியை ஒரு சுற்று உயர்த்திக்கொண்டு உட்கார்ந்து எண்ணினாள். பிறகு அஞ்சலட்டை எடுத்து ஷ்னோர் வாத்தியாருக்கு எழுதினாள்: 'எங்கள் வீட்டு அக்ரிகோலா இன்று நூற்றுப் பதினேழு முட்டைகள் இட்டிருக்கிறது. நன்றாக உழுகிறது. இதை லத்தீனில் எப்படிச் சொல்ல வேண்டும்?'

பதில் வர மூன்று வாரமாயிற்று. அதே அச்சுக் கையெழுத்து, காற்புள்ளிகள் உட்பட.

'மீனைப் பொறுத்தவரை மட்டும், போனா. திருத்திய மதிப்பெண்: மூன்று. அத்தையைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.'

ஹில்ட்ரூட் அட்டையைச் சட்டம் போட்டுத் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டினாள். நேராகத்தான் மாட்டினாள். திங்கட்கிழமை பார்த்தால் அது கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும். வியாழக்கிழமை சரியாகிவிடும்.